நாலாவது மூலை

அங்க வேண்டாமுங்க்கா, அந்த மூலையில நிக்காதீங்க. காக்கா எச்சம் போடும். இக்கட்ட வாங்க, எம்பக்கத்துல உக்காருங்க. பையை மடியில வெச்சுக்கறேன், எடம் இருக்குது. கண்ணாடி சாமானுங்க, கீழ வெச்சா உடைஞ்சுரும்.

உடுமலை பஸ்ஸுங்களா? அது இப்போதைக்கு வராது. இந்தக் கல்லங்காட்டுப் பிரிவுல நிக்கறதே பெரிய மனசு பண்ணித்தான் நிப்பான். கழுத்துல டேப்பு தொங்குதே, டெய்லருங்களா? நல்லதாப் போச்சு. உங்களுக்குச் சொன்னா வெளங்கும். இன்னிக்கு ஆருகிட்டயாவது சொல்லலீன்னா எனக்கு மண்டை வெடிச்சுருமுங்க. ஆபீஸ்ல சொல்லக் கூடாது. ஊட்டுல சொன்னா ஊட்டுக்காரரு சிரிப்பாரு. அவருக்கு எதுக்குத்தான் சிரிப்பு வராது.

இந்தப் பையில என்ன இருக்குதுன்னு நினைக்கறீங்க? பரிசுங்க. கண்ணாடியில எம்பேரைப் பொறிச்சு, ரேணுகாதேவின்னு, இன்னிக்கு மத்தியானம் எல்லாரும் கை தட்டக் குடுத்தாங்க. எங்க ஆபீஸ்லயே சிறந்த சப்போர்ட் ஆளு நானாம். ஒரு வாடிக்கையாளர் என்னைப் பாராட்டி எழுதியிருந்ததைச் சத்தமாப் படிச்சாங்க. "இந்த மேடம் இல்லீன்னா எனக்கு வேலையே போயிருக்கும். என்னுடைய பிழையை எத்தனை பொறுமையாத் திருத்தினாங்க" அப்படின்னு எழுதியிருக்கறாரு. எழுதினது ஆரு தெரியுமுங்களா? சிவப்பிரகாசம். எந்த ஆளு நல்லாவே இருக்கக் கூடாதுன்னு நான் மாகாளியம்மன்கிட்ட எலுமிச்சம்பழம் வெச்சு வேண்டினனோ, அந்த ஆளு.

கேளுங்க. முதல்ல நான் ஒரு பம்ப் கம்பெனியில இருந்தேன். பம்ப்பு, அதைத் தாங்கற ஸ்டேண்டு, இதையெல்லாம் செய்யறதுக்கு முந்தியே கம்ப்யூட்டர்ல வரைஞ்சு, பாரம் ஏத்திப் பார்த்து, தாங்குமா தாங்காதான்னு சொல்றது என்ற வேலை. எனக்கு மேல ஹெட்டா இருந்தவரு இந்தச் சிவப்பிரகாசம். அவரு கம்ப்யூட்டரைத் தொடமாட்டாரு. பின்னாடி கையைக் கட்டிட்டு நடப்பாரு, "என்ன, முடிஞ்சுதா, முடிஞ்சுதா"ன்னு கேப்பாரு, அம்புட்டுத்தான்.

ஒருக்கா பூனாவுல இருந்து பெரிய ஆளுங்க வந்திருந்தாங்க. அவங்க பாக்கப் பாக்க நான் கணக்கை ஓட்டறேன், ஓட மாட்டேங்குது. மேட்ரிக்ஸைப் பிரிக்க முடியலைன்னு சிகப்பு எழுத்துல போட்டுட்டு நின்னுக்குது. மறுபடி ஓட்டறேன், மறுபடி சிகப்பு. எனக்கு வேர்த்து ஊத்துது. அப்போ இந்த ஆளு என்ன பண்ணினாரு தெரியுமுங்களா? அத்தனை பேரு முன்னாடி என்ற தோளுக்குப் பின்னாடி நின்னுட்டு, "ரேணுகா, உனக்கு எதுக்கம்மா இது? ஊட்டுல போயி ராகிக்களி கிண்டு. அதுல கட்டி தட்டினா உன்ற ஊட்டுக்காரன் ஒருத்தன்தான் திங்கோணும்"னாரு. பூனாக்காரங்களுக்கு இங்கிலீஷ்ல வேற மாத்திச் சொன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சனுங்க்கா. அதுதான் இன்னிக்கு வரைக்கும் ஆறலை. நான் எதுக்குச் சிரிச்சேன்?

இத்தனைக்கும் தப்பு அவருது. அவரு பேப்பர்ல வரைஞ்சு குடுத்த படத்துல ஒரு பாகம் எதுலயும் சேராம இருந்துது. சாயங்காலம் வேற ஒரு பையனை விட்டு அதைக் கமுக்கமாத் திருத்தி வாங்கிட்டு, "நான் உக்காந்தேன், முடிஞ்சுது"ன்னாரு. அதுக்கப்புறம் எனக்கு ஆபீஸ்ல பேரு "களி". காபி குடிக்கப் போனா, "என்னுங்க மேடம், களி வெந்துதா?" ஊட்டுல சொல்லி அழுதா, ஊட்டுக்காரரு தட்டைத் தூக்கிப் பாத்துட்டு, "இன்னிக்குக் கட்டி இல்லையே"ங்கறாரு. அப்பறம் என்னைத் தூக்கி டாக்குமெண்ட் செக்ஷன்ல போட்டாங்க. பேப்பர் அடுக்கற வேலை. ஒரு நாள் கொண்டு போன டிபன் டப்பாவைக் கூட எடுக்காம வெளிய வந்துட்டேன்.

யானைக்கொரு காலம் வந்தா பூனைக்கொரு காலம் வருமுங்க.

இப்ப நான் இருக்கறது அந்தக் கணக்குப் போடற சாஃப்ட்வேரை விக்கற கம்பெனி. வாங்கினவங்களுக்கு ஓடலீன்னா எங்களுக்கு எழுதுவாங்க. நாங்க பாத்து, இதைப் பண்ணுங்க, அதைப் பண்ணுங்கன்னு பதில் எழுதோணும். டாக்டர்கிட்ட வர்ற மாதிரி ஒவ்வொண்ணுக்கும் ஒரு டோக்கன். ஒரு நாள் காலையில டோக்கனைத் தொறக்கறேன், பேரு சிவப்பிரகாசம். கெரகமே, அவரா இருக்குமான்னு பாத்தா, அவரேதான்! பம்ப் கம்பெனியில இருந்து வெளிய அனுப்பிட்டாங்களாம். இந்த ரோட்டுல உள்ள தள்ளி ஒரு சின்ன வொர்க்ஷாப்புல இருக்கறாரு. படம் வரையறதும் அவரே, கணக்கு ஓட்டறதும் அவரே. கையைக் கட்டிட்டு நடக்கறதுக்கு அங்க எடமில்லை போல.

பிழை என்னன்னு பாத்தேன். மேட்ரிக்ஸைப் பிரிக்க முடியலை. அதே சிகப்பு. எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாதுங்க்கா. எழுந்திரிச்சுப் போயி மூஞ்சியைக் கழுவிட்டு வந்து உக்காந்தேன்.

அது என்ன பிழைன்னா... நீங்க ஒரு சட்டை தைக்கறீங்க. கையி, காலரு, முதுகு, எல்லாம் ஒண்ணோட ஒண்ணு தைச்சிருக்கோணும் இல்லீங்களா? கம்ப்யூட்டர் ஒரு இரும்புச் சாமானை ஆயிரம் துண்டாப் போட்டு, எந்தத் துண்டு எதைப் பிடிச்சிருக்குதுன்னு ஒரு பெரிய கட்டம் போடும். அதுதான் மேட்ரிக்ஸ். அதைப் பிரிச்சு வகுத்து வகுத்துத்தான் கணக்கை முடிக்கும். ஒரு துண்டு எதுலயும் தைக்காம சும்மா கெடந்தா, அதை லேசாத் தள்ளினா எவ்வளவு தூரம் போகும்? போயிட்டே இருக்கும். அந்த எடத்துல கட்டத்துல சைபர் வந்துரும். சைபரால வகுக்க முடியுமுங்களா? நின்னுக்கும். அப்ப என்ன அர்த்தம்? ஏதோ ஒண்ணு எங்கியோ ஒட்டலைன்னு அர்த்தம். எந்த எடம்னு நம்பரும் அதுவே சொல்லும். அந்த நம்பரைத் தேடிப் போயிப் பாத்தாப் போச்சு.

அவருக்குத் தேடத் தெரியலை. எப்படித் தெரியும்? ஆயுசு முழுக்க எங்களைத் தேட விட்டவராச்சே. நான் படத்தைத் தொறந்து, நம்பரைத் தட்டினேன், பளிச்சுன்னு அந்த எடம் தெரிஞ்சுது. ஒரு கூரைங்க. நாலு தூணு, ஒவ்வொரு தூணு தலையிலயும் கூரையைப் பிடிக்கறதுக்கு ஒரு இரும்புக் கை. மூணு மூலையில கையில இருந்து தூணுக்குப் போல்ட்டு போட்டிருக்குது. நாலாவது மூலையில போல்ட்டே இல்லை, அந்தக் கை கூரையிலயும் சேரலை, தூணுலயும் சேரலை. கைக்கும் தூணுக்கும் நடுவுல ஒரு முடி நுழையற எடைவெளி. தூரத்துல இருந்து பாத்தா ஒட்டின மாதிரியே இருக்கும். ஒரு வரி எழுதினா முடிஞ்சுது: "சார், நாலாவது மூலையில போல்ட்டு விட்டுப்போச்சு."

எழுதுவனா நானு?

எங்க ஆபீஸ்ல ஒரு பழக்கமிருக்குது. ஆரு என்ன கேட்டாலும், படத்தைப் பாக்கறதுக்கு முந்தி, எழுதி வெச்ச பொதுப்பதில் ஒண்ணொண்ணா அனுப்பலாம். "இதைச் செஞ்சு பாத்துட்டுச் சொல்லுங்க"ன்னு அனுப்பிட்டா, அவரு செஞ்சு முடிக்கற வரைக்கும் நம்ம கணக்குல நேரம் ஓடாது. ஒருத்தரும் குத்தம் சொல்ல முடியாது. நான் பொதுப்பதிலை எடுத்தேன். முதல்ல, சாஃப்ட்வேரை எடுத்துட்டுத் திரும்பப் போடச் சொன்னேன். "செஞ்சேன் மேடம், வரலை." ஃபைல் பேரைச் சுருக்கச் சொன்னேன். "செஞ்சேன் மேடம்." துண்டையெல்லாம் இன்னும் பொடிசாக்கச் சொன்னேன். அது ஓடி முடிய ஒரு பகல் ஆகும். "செஞ்சேன் மேடம், அதே பிழைதான் வருது." கம்ப்யூட்டருக்கு மெமரி பத்தாதுன்னேன். பாவம், கெஞ்சிக் கூத்தாடி வாங்கிப் போட்டிருக்கறாரு. மேடம், மேடம், மேடம். வரிக்கு ஒரு மேடம். நான் கீழ ஆர்.டி.ன்னு மட்டும் போடுவேன். எங்க ஆபீஸ் வழக்கம் அது. சம்பளமும் குடுத்து இந்த வேலையும் குடுத்தாங்க, கரும்பு தின்னக் கூலி வேற. தெனமும் பொழுதோட பேக்கரியில தேங்காய் பன் வாங்கிட்டு ஊட்டுக்குப் போனேன். ஊட்டுக்காரரு, "என்ன, இன்கிரிமெண்ட்டா?"ன்னாரு.

ஒரு நாள் போனே பண்ணிட்டாரு. "மேடம், வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கலீன்னா மொதலாளி என்னை வேண்டாம்னுருவாரு. எனக்கு இந்த வயசுல வேற எடம் கெடைக்காதுங்க. ஏதோ என்ற தப்புத்தான், என்னன்னுதான் தெரியலை"ன்னாரு. தப்பு என்னோடதுன்னு அந்த வாயால கேட்டேனுங்க்கா. "இன்னொருக்கா சொல்லுங்க சார், லைன் சரியாக் கேக்கலை"ன்னேன். இன்னொருக்காவும் சொன்னாரு. ஆனா என்ற குரல் அவருக்குத் தெரியலை. அத்தனை வருசம் காலையில "குட் மார்னிங் சார்" சொன்ன குரல், ஒரு துளி சந்தேகம் கூட வரலை.

அந்தக் கோவத்துலதான் கடைசிப் பதிலை அனுப்பினேன். அது என்னன்னா, சாஃப்ட்வேர்ல ஒரு எடத்துல டிக்கு போட்டா, ஒட்டாத துண்டையெல்லாம் அதுவே சும்மா நூல் கட்டின மாதிரி கட்டிக்கும். குண்டூசி குத்தின சட்டை மாதிரி வெச்சுக்குங்களேன். பாக்கச் சட்டைதான், போட்டுட்டு நடக்க முடியாது. சைபர் போயிரும், கணக்கு ஓடிரும், ஆனா தைக்காதது தைக்காததுதான். அந்த டிக்கு எங்க இருக்குதுன்னு இவரு எங்க கண்டுபிடிக்கப் போறாருன்னு நினைச்சுத்தான் அனுப்பினேன். "பிழை மறையும், காரணம் மறையாது. காரணத்தைக் கண்டுபிடிச்ச பொறகு மட்டும் பயன்படுத்தவும்" அப்படின்னு கூடவே ஒரு எச்சரிக்கை வரி உண்டு. பொதுப்பதில்லயே இருக்குது. அதையும் சேர்த்துத்தான் அனுப்பியிருப்பேன். சேர்த்திருப்பேனுங்க. சேர்க்காம எங்க போறேன்.

பத்து நிமிசத்துல பதில். "ஓடிருச்சு மேடம்! நீங்க நல்லா இருக்கோணும். உங்க கொழந்தைகுட்டிங்க நல்லா இருக்கோணும்." டோக்கனை மூடிட்டாரு. எனக்குச் சப்புன்னு போச்சு. நான் அவரு இன்னும் கெஞ்சுவாரு, வெள்ளிக்கிழமை தாண்டும், வேலை போகும்னு காத்திருந்தா, இந்த ஆளு அஞ்சு ஸ்டாரு குடுத்து, பாராட்டு எழுதி, எனக்குப் பரிசு வாங்கிக் குடுத்திருக்கறாரு. பழி வாங்கினவளுக்குப் பரிசு குடுத்து எங்கியாவது கேள்விப்பட்டிருக்கறீங்களா?

என்னுங்க? அந்தக் கூரை என்ன ஆச்சுங்களா?

...

மேல பாருங்க.

ஆமாங்க, இதேதான். ஒரு மில்லுக்காரங்க அவங்க அப்பா பேருல இந்த பஸ் ஸ்டாப்பைக் கட்டிக் குடுத்தாங்க. அந்த வொர்க்ஷாப்புலதான் செஞ்சாங்க. ஒரு நாள் பஸ்ஸுக்கு வந்து நிக்கறேன், மேல பாத்தா அந்தப் படத்துல இருந்த அதே கூரை. வெல்டருங்க படத்துல உள்ளதைத்தான் செய்வாங்க. மூணு மூலையில போல்ட்டு தெரியுதுங்களா? அங்க பாருங்க, அந்த மூலையில. ரெண்டு பொட்டு வெல்டிங்கு. ஏத்தறப்ப நிக்கறதுக்காக வெக்கறது. அதுலதான் நிக்குது.

எந்திரிக்காதீங்க, எந்திரிக்காதீங்க. இந்தப் பக்கம் ஒண்ணும் ஆகாது, இது போல்ட்டு போட்ட மூலை. நான் கணக்குப் போட்டுத்தான் இங்க உக்காந்திருக்கறேன். காக்காயா? காக்கா ஏதுங்க்கா இந்தத் தகரத்துல? அப்படிச் சொன்னாத்தான் சனம் நகருது. வெயில்ல நிழலுக்கு அங்கதான் ஓடுவாங்க. ஆடி பொறந்ததுல இருந்து ஆபீஸ் விட்டா நேரா இங்கதான். மூணு பஸ்ஸை விட்டுட்டு நாலாவதுலதான் போறேன். ஆடிக் காத்துல அம்மியே பறக்கும், பாலக்காட்டுக் கணவாயில இருந்து வர்ற காத்து இது. கேக்குதுங்களா, டொக் டொக்னு? போன வாரம் இந்தச் சத்தம் இல்லை.

சொல்லலாமேவா? ஆருகிட்டங்க சொல்றது? சொன்னா உடனே வந்து நாலு போல்ட்டு போட்டுருவாங்க. அந்த ஆளு தப்பிச்சுக்குவாரு. நான் அவருக்கு ஒத்தாசை பண்ணினாப்புல ஆயிரும். அதுவுமில்லாம, எங்க ஆபீஸ்ல நான் அனுப்பின பதிலையெல்லாம் தொறந்து பாப்பாங்க. படத்தைத் தொறந்தவ எதுக்குச் சொல்லலைன்னு கேப்பாங்க. நானா கட்டினேன்? நானா போல்ட்டை விட்டேன்? எம்பேருல எதுக்குங்க வரோணும்? நான் பாட்டுக்கு வர்ற சனத்தை நகத்தி உட்டுட்டுத்தானே இருக்கறேன். ஒரு நாளாவது தவறியிருக்கறனா? ஞாயித்துக்கிழமை... ஞாயித்துக்கிழமை இந்தப் பக்கம் கூட்டம் இருக்காது.

அப்படிப் பாக்காதீங்க்கா. உங்களை ஆராவது அத்தனை பேரு முன்னாடி அப்படிச் சொல்லியிருந்தா தெரியும்.

பேசாம இருங்க, பேசாம இருங்க. அதோ வர்றாரு. குடையைக் கக்கத்துல வெச்சுட்டு, அந்தக் கட்டம் போட்ட சட்டை. அவருதான். கண்ணுல பொரை விழுந்து வண்டி ஓட்டறதில்லை, பஸ்ஸுதான். தெனமும் இந்நேரத்துக்கு வருவாரு, வந்து நேரா அந்த மூலைக்குத்தான் போவாரு. பாருங்க இப்ப, தூணைத் தட்டிக் குடுப்பாரு, மாட்டைத் தட்டற மாதிரி. ஆச்சுங்களா? தட்டியாச்சு. இனி பஸ்ஸு வர்ற வரைக்கும் அங்கியேதான்.

இல்லீங்க. அவருகிட்ட மட்டும் காக்கான்னு நான் சொல்றதில்லை.

என்ன, என்னையக் கொலைகாரிங்கறீங்களா? அவரு கட்டினது, அவரு நிக்கறாரு. நானா கூப்பிட்டு நிக்க வெச்சேன்? விழுகோணும்னு நான் நினைக்கலை. விழுந்தா நான் பொறுப்பில்லைன்னுதான்...

அட, தூத்தல் போடுது. ஐயோ, அந்தப் பொண்ணு கொழந்தையைத் தூக்கிட்டு அங்க ஓடுது பாருங்க. ஏனுங்க! ஏனம்மா! அங்க நிக்காதே! காக்கா எச்சம் போடும், இக்கட்ட வா! வாம்மா, இங்க எடமிருக்குது! ஆ, வருது, வருது.

என்ன சொல்றாரு அவரு? கேட்டீங்களா நீங்க? "காக்காயும் இல்லை ஒண்ணும் இல்லை, நீ இங்கியே நில்லு கண்ணு, நான் கட்டின கூரை, இடி விழுந்தாலும் அசையாது"ங்கறாரு! அந்தப் பொண்ணும் திரும்பிப் போயி நிக்குது! கொழந்தைக்குக் குடையைக் குடுத்து வெளையாட்டுக் காட்டறாரு. சார்! சார், அந்தப் பொண்ணை விடுங்க சார்!

...

பாத்தீங்களா?

பாத்தீங்களா அக்கா? என்ற மூஞ்சியை நேராப் பாத்தாரு. கண்ணாடியை ஏத்தி விட்டுட்டுப் பாத்தாரு. பாத்துட்டு என்ன கேக்கறாரு? "நீங்க ஆருங்கம்மா?" நீங்க ஆருங்கம்மா! குரலும் தெரியலை, மூஞ்சியும் தெரியலை. அன்னிக்குச் சொன்னதை எச்சில் துப்பின மாதிரி துப்பிட்டுப் போயிருக்கறாரு. நான் இத்தனை வருசமா ராத்திரி பகலா இந்த ஆளோட சண்டை போட்டுட்டு இருந்திருக்கறேன். அவரு நெனப்புல நான் இல்லவே இல்லை. இப்ப அது தலையில விழுந்து செத்தா, ஆரால செத்தோம்னு தெரியாமயே செத்துப் போவாரு. என்னைய ஆருன்னு தெரியாமயே!

இது ஆகாதுங்க்கா. இது எனக்கு ஆகாது.

நான் ஆருன்னு அவருக்குத் தெரியோணும். களி கிண்டச் சொன்னியே, அவதான் உன்னைய மேடம் மேடம்னு கெஞ்ச வெச்சான்னு தெரியோணும். ஆர்.டி.ன்னா ஆருன்னு தெரியோணும். தெரியோணும்னா மேல இருக்கறதையும் காட்டித்தான் ஆகோணும், வேற வழி என்ன இருக்குது? போல்ட்டுப் போட்டுக்கட்டும். ஆபீஸ்ல தொறந்து பாக்கறவங்க பாத்துக்கட்டும். வேலை போனாப் போகுது, டிபன் டப்பாவைக் கூட எடுக்காம வந்தவதானே நானு.

சித்தெ இந்தப் பையைப் பிடிங்க. கண்ணாடி சாமான், பரவால்லை, கீழயே வெச்சுக்குங்க.

சிவப்பிரகாசம் சார்! ஏனுங்க சார்! களி கிண்டறவ வந்திருக்கேன். அந்தப் பொண்ணையும் கொழந்தையையும் கூட்டிட்டு இக்கட்ட வாங்க, மொதல்ல வெளிய வாங்க. ஆருன்னு சொல்றேன்.